வட்டம் என்ற பிடிவாதம்

வானியலின் கதையைச் சொல்லும் பொதுநூல்களில் கிரேக்கத் தத்துவத்துக்குப் பெரும்பாலும் வில்லன் வேடம்தான். கோள்கள் வட்டத்தில்தான் போக வேண்டும், அதுவும் சீரான வேகத்தில் போக வேண்டும் என்று பிளேட்டோ விதித்தார்; விண்ணுலகில் எதுவும் மாறாது, பூமி நடுவில் அசையாமல் நிற்கிறது என்று அரிஸ்டாட்டில் முத்திரை குத்தினார்; 1609-இல் கெப்ளர் வந்து விடுவிக்கும்வரை ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் வானியல் அந்தச் சிறையில் கிடந்தது. இப்படிப் போகும் கதை. அதிலுள்ள தனித்தனிச் செய்திகளில் பெரிய பிழை இல்லை. அவற்றைக் கோத்த விதத்தில்தான் பிழை இருக்கிறது. வட்டக் கொள்கை தவறானது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அதை அவ்வளவு பிடிவாதமாகப் பற்றிக்கொண்டிருந்ததால்தான், அது எந்த இடத்தில் வானத்தோடு பொருந்தவில்லை என்பது திரும்பத் திரும்பக் கண்ணை உறுத்தியது. உறுத்திய ஒவ்வொரு முறையும் வானியல் ஓர் அடி நகர்ந்தது. தத்துவம் குறுக்கே வராமல் இருந்திருந்தால் இந்த அறிவு விரைவாக வளர்ந்திருக்கும் என்று வாதிடுபவர்கள், தத்துவம் கலக்காத வானியல் ஒன்று உண்மையிலேயே இருந்தது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். அது எதைச் சாதித்தது, எதைச் சாதிக்காமல் விட்டது என்பது இந்த வழக்கில் முக்கியமான சாட்சியம்.

பாபிலோனின் வானியலைத்தான் சொல்கிறேன். அந்நகரத்து எழுத்தர்கள் ஈரக் களிமண் பலகைகளில் இரவு இரவாக வானத்தைப் பதிந்துவைத்தார்கள். கிடைத்திருக்கும் நாட்குறிப்புகளில் மிகப் பழையது கி.மு. 652-ஐச் சேர்ந்தது, கடைசியானவை கி.மு. முதல் நூற்றாண்டுக்கு உரியவை. சந்திரன் எந்த விண்மீனுக்கு எத்தனை முழம் மேலே நின்றது, அன்று மேகம் மறைத்ததா, பார்லி என்ன விலைக்கு விற்றது, ஆற்றில் எவ்வளவு வெள்ளம் என்று எல்லாமே ஒரே பலகையில் இருக்கும். கிரேக்கர்களிடம் இதற்கு ஈடாக எதுவும் இருந்ததில்லை. இப்படிச் சேர்த்த பதிவுகளிலிருந்து, 223 சந்திர மாதங்களுக்கு, அதாவது 18 ஆண்டு 11 நாட்களுக்கு ஒருமுறை கிரகணங்கள் அதே வரிசையில் திரும்பி வருவதைக் கண்டார்கள். ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடைப்பட்ட சராசரிக் காலத்துக்கு அவர்கள் வைத்திருந்த அளவு இன்றைய அளவிலிருந்து ஒரு நொடிகூட விலகவில்லை. ஆனால் அந்தக் கணக்கின் உள்ளே நுழைந்து பார்த்தால் வியப்பு வேறு பக்கம் திரும்புகிறது. சூரியனின் ஓட்டம் ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அதைக் கணக்கில் கொண்டுவர, ஒரு முறையில் சூரியன் செல்லும் பாதையை இரண்டாக வகுத்தார்கள்: ஒரு பகுதியில் மாதத்துக்கு 30 பாகை, மறுபகுதியில் 28 பாகைக்குச் சற்று மேல். எல்லையைத் தாண்டியதும் வேகம் சட்டென்று தாவிவிடும். இன்னொரு முறையில் எண்கள் படிப்படியாக ஏறி உச்சியைத் தொட்டு, அதே படிகளில் இறங்கும். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. ஆனால் இரண்டும் ஒரே காலத்தில் அருகருகே புழங்கின. அமாவாசை எப்போது என்று சொன்னால் போதும் என்னும்போது, சூரியன் உண்மையில் எப்படி ஓடுகிறது என்ற கேள்விக்கு இடமில்லை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, வியாழன் கடந்த தொலைவை ஒரு சரிவகத்தின் பரப்பாகக் கணக்கிடும் பாபிலோன் பலகைகளை அடையாளம் காட்டியது. ஆகவே அவர்களுக்கு வடிவியல் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சரிவகத்தின் பக்கங்கள் நாளும் வேகமும். வானத்தில் கிடக்கும் எந்த வடிவத்தையும் அது குறிக்கவில்லை.

இது ஏதோ தொலைதூர நாகரிகத்தின் விசித்திரம் என்று தோன்றினால், நம் பஞ்சாங்கத்தைப் பார்க்கலாம். சென்னை வானோய்வுக்கூடத்தின் பொறுப்பில் சில காலம் இருந்த ஜான் வாரன் 1825-இல் 'கால சங்கலித' என்ற நூலை வெளியிட்டார். தமிழ்க் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த, எண்களைக் குறிக்கும் வாக்கியங்களைக் கொண்டு அவ்வாண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் பதிந்திருக்கிறார். கிரகணத் தொடக்கத்தில் பிழை நான்கு நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். அந்த மனிதருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது என்கிறார் வாரன். காலனிய அதிகாரியின் பார்வை என்று இதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். ஆயினும் கையில் ஏடு எழுத்தாணிகூட இல்லாமல் சோழி வைத்தே கிரகணத்தைக் கணிக்க முடிந்தது என்ற செய்தி நிற்கிறது. 1952-இல் வானியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கெபவர் இந்தத் தமிழ் முறையை ஆராய்ந்தார். சந்திரனின் வேக ஏற்ற இறக்கம் 248 நாட்களில் ஒன்பது முறை முழுச் சுற்று வரும் என்ற, வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடித்தளமான அதே சுழற்சி பாபிலோனியக் கணக்கிலும் ரோமானியர் கால எகிப்தின் கிரேக்கப் பாப்பிரஸ்களிலும் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். நம் வாக்கியங்களின் எண்களுக்குப் பின்னால் சித்தாந்த நூல்களின் வட்டக் கணிதமும் உண்டு என்பது வேறு செய்தி. இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான்: முன்னறிவிப்பு மட்டும் நோக்கமானால் தத்துவம் தேவையே இல்லை. கிரகணம் தவறினால் எண்ணை ஒட்டித் திருத்திக்கொள்ளலாம். எந்தக் கொள்கையும் அதனால் பொய்த்துப் போவதில்லை.

கிரேக்கத் தொடக்கம் இதற்கு நேர்மாறானது. அவர்களிடம் பதிவுகள் மிகக் குறைவு. கேள்விகளோ அளவுக்கு மீறியவை. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் மிலேத்தஸ் நகரத்து அனாக்சிமாண்டர், பூமி எதன்மேலும் தாங்கப்படாமல் வெளியில் நிற்கிறது என்றார். எல்லாத் திசைகளிலிருந்தும் சம தொலைவில் இருக்கும் ஒன்றுக்கு, ஒரு பக்கம் விழுவதற்கு மறுபக்கத்தைவிட அதிகக் காரணம் இல்லை என்பது அவர் தர்க்கம். பூமியை ஆமையும் யானையும் பாம்பும் தாங்கிக்கொண்டிருந்த உலகில் இது எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பூமி தட்டையான உருளை என்றும் அதன் உயரம் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றும் அவர் சேர்த்துச் சொன்னது தவறு. ஆனால் எப்படிப்பட்ட தவறு என்று கவனிக்க வேண்டும். காரணம் காட்டிச் சொன்னதை, காரணம் காட்டி மறுக்கலாம். அரிஸ்டாட்டில் அதைத்தான் செய்தார். சமநிலை வாதம் போதாது, கனமான பொருள்கள் மையத்தை நோக்கி நகர்வதே பூமி நிற்பதற்கும் அது உருண்டையாக இருப்பதற்கும் காரணம் என்று விரிவாக எழுதினார். இடையில் அனாக்சகோரஸ், சந்திரனுக்குச் சொந்த ஒளி இல்லை, பூமியின் நிழல் விழுவதால் அது மறைகிறது என்றார். சூரியன் பெலப்பொனீசஸைவிடப் பெரிய தீப்பாறை என்றும் சொல்லி, ஏதென்ஸில் தெய்வ நிந்தனை வழக்கைச் சந்தித்து ஊரை விட்டுப் போனார். அரிஸ்டாட்டில் அந்த நிழலின் விளிம்பைப் பார்த்தார். எந்தக் கிரகணத்திலும் அது வளைவாகவே விழுகிறது. ஆகவே நிழலைத் தரும் பொருள் உருண்டை. எகிப்திலும் சைப்ரஸிலும் தெரியும் சில விண்மீன்கள் வடக்கே தெரிவதில்லை என்ற செய்தியையும் சேர்த்துக்கொண்டு, இந்த உருண்டை அப்படியொன்றும் பெரிதல்ல என்ற முடிவுக்கும் வந்தார். பாபிலோனின் எழுத்தர்கள் நூற்றுக்கணக்கான சந்திர கிரகணங்களைப் பதிந்திருந்தார்கள். அதே வளைந்த நிழல் அவர்கள் கண்முன்னும் விழுந்தது. பூமி உருண்டை என்ற முடிவு அங்கே பிறக்கவில்லை. கண்கள் ஒன்றுதான், கேட்ட கேள்வி வேறு.

இந்தக் கேள்விகேட்கும் பழக்கம் ஒரு தெளிவான கணக்காக உருப்பெற்றது பிளேட்டோவின் காலத்தில். சீரான, ஒழுங்கான எந்த அசைவுகளைக் கற்பித்துக்கொண்டால் கோள்களின் தாறுமாறான தோற்றத்தை விளக்க முடியும் என்ற புதிரை அவர் கணிதர்கள்முன் வைத்தார் என்பது மரபு. இந்தச் செய்தியை நமக்குத் தருபவர் கி.பி. ஆறாம் நூற்றாண்டின் உரையாசிரியர் சிம்ப்ளிசியஸ். பிளேட்டோவுக்கு 900 ஆண்டுகள் பின்னால் வந்தவர். அதுவும் இரண்டாம் நூற்றாண்டின் சொசிஜெனிஸை மேற்கோள் காட்டித்தான் சொல்கிறார். ஆகவே புதிரைப் போட்டவர் பிளேட்டோதானா என்று சில ஆய்வாளர்கள் ஐயப்படுவது நியாயமே. இங்கே வலுவான ஓர் ஆட்சேபமும் உண்டு: அதே பிளேட்டோதான், உண்மையான வானியலைக் கற்பவர் கண்ணுக்குத் தெரியும் வானத்தை விட்டுவிட்டு, வடிவியலைப் போலக் கணக்குகளின் வழியே அதைப் பயில வேண்டும் என்று 'குடியரசு' நூலில் சாக்ரடீஸைப் பேசவைத்தவர். வானத்தைப் பார்க்காதே என்று சொன்னவரா வானியலை வளர்த்தவர்? அந்தப் பகுதி எரிச்சலூட்டுவது உண்மைதான். ஆனால் அது எதைக் கோருகிறது என்று பார்க்க வேண்டும். தோற்றத்தைப் பட்டியலிடுவதோடு நில்லாமல், தோற்றத்துக்குப் பின்னாலுள்ள ஒழுங்கைக் கணிதமாகச் சொல் என்கிறது. முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' நூலில் அவர் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார்: கோள்கள் அலைந்து திரிகின்றன என்பதே பொய், ஒவ்வொன்றுக்கும் ஒரே பாதைதான் உண்டு. இதற்குச் சான்று அவரிடம் இல்லை. இது நம்பிக்கை. ஆனால் இந்த நம்பிக்கை இல்லாவிட்டால், செவ்வாய் முன்னே போய், நின்று, பின்னே வந்து, மறுபடி முன்னே போவதை விளக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. நம் சோதிடர்கள் வக்கிரம் என்று சொல்லும் அந்தப் பின்னடைவை எண்களாகக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

மெனக்கெட்டவர் நைடஸ் ஊரின் யூடாக்சஸ். ஒன்றுக்குள் ஒன்றாகப் பூமியை மையமாகக் கொண்ட கோளங்கள். ஒவ்வொன்றும் சீரான வேகத்தில் வெவ்வேறு அச்சில் சுழலும். சூரியனுக்கும் சந்திரனுக்கும் மும்மூன்று, ஐந்து கோள்களுக்கும் நந்நான்கு, விண்மீன்களுக்கு ஒன்று என மொத்தம் 27. எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு கோளங்களின் அச்சுகளைச் சற்றே சாய்த்து வைத்தால், அவற்றின்மேல் உள்ள புள்ளி எட்டு வடிவில் ஆடும் என்பதைக் கண்டு, அந்த ஆட்டத்தின் மூலம் வக்கிரத்தை வரவழைத்தார். சீரான வட்டங்களை மட்டுமே கூட்டி, சீரற்றதாகத் தெரியும் ஓர் அசைவைப் பிறப்பிக்க முடியும் என்று மனிதர் காட்டியது இதுவே முதல்முறை. பண்டைய கணிதத்தின் அழகிய படைப்புகளில் ஒன்றாக இதை வைக்கத் தயங்க மாட்டேன். வானியலாக அது தோல்வி. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் அந்த எட்டு சரியாக வரவில்லை. வசந்தமும் கோடையும் இலையுதிர்காலமும் பனிக்காலமும் ஒரே நீளம் இல்லை என்பது கி.மு. 432 வாக்கிலேயே ஏதென்ஸின் மெட்டனுக்கும் யூக்டெமனுக்கும் தெரிந்திருந்தது. யூடாக்சஸின் சூரியனோ ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் போனது. அடுத்த தலைமுறையின் காலிப்பஸ் ஏழு கோளங்களைச் சேர்த்து 34 ஆக்கினார். அரிஸ்டாட்டில் அவற்றை உண்மையான பொருட்கோளங்களாகக் கொண்டு, ஒன்றின் சுழற்சி அடுத்ததைப் பாதிக்காமலிருக்க எதிர்ச்சுழற்சிக் கோளங்களையும் புகுத்தி 55-க்குக் கொண்டுபோனார். இவ்வளவும் செய்தும் ஒன்றை மறைக்க முடியவில்லை. எல்லாக் கோளங்களுக்கும் பூமியே மையம் என்றால் ஒரு கோள் நம்மிடமிருந்து எப்போதும் ஒரே தொலைவில் இருக்க வேண்டும். அப்படியானால் செவ்வாய் சில மாதங்களில் கொழுந்துவிட்டு எரிவதும் சில மாதங்களில் மங்கி ஒடுங்குவதும் ஏன்? சந்திரன் சில கிரகணங்களில் சூரியனை முழுதாக மூடுவதும் சிலவற்றில் விளிம்பில் வளையம் விடுவதும் ஏன்? சொசிஜெனிஸ் இந்தக் குற்றச்சாட்டை வரிசையாக அடுக்குகிறார். வெள்ளியின் ஒளி ஏறி இறங்குவதை அதற்கு முன்பும் கோடிக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள். அது ஒரு சிக்கலாக மாறியது, அது நடக்கக் கூடாது என்று சொல்லும் ஒரு மாதிரி வந்தபின்புதான்.

கி.மு. 200 வாக்கில் பெர்காவின் அப்பல்லோனியஸ் வழியைத் திறந்தார். வட்டத்தின் மையத்தைப் பூமியிலிருந்து விலக்கி வைக்கலாம். அல்லது பெரிய வட்டத்தின்மேல் ஒரு சிறிய வட்டம் உருள, அதன்மேல் கோள் போகலாம். இரண்டு வழியிலும் தொலைவு மாறும், வேகமும் மாறுவதாகத் தெரியும். வட்டம் வட்டமாகவே இருக்கும். இந்த வடிவங்களுக்குள் பாபிலோனின் எண்களை ஊற்றியவர் ஹிப்பார்க்கஸ். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவிலிருந்து வானத்தை நோக்கியவர். பாபிலோனின் மாத அளவையும் கிரகணப் பதிவுகளையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். இதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும்: தத்துவம் தனியாக நின்றிருந்தால் யூடாக்சஸோடு, அழகான ஆனால் எண்ணில்லாத ஒரு பொம்மையோடு முடிந்திருக்கும். கிரேக்க மேதைமை தானாகவே வானியலைப் படைத்தது என்ற ஐரோப்பியப் பெருமிதத்துக்குச் சான்றுகளில் இடமில்லை. ஆனால் எண்கள் வடிவத்துக்குள் வந்ததும் நடந்ததைப் பாருங்கள். வசந்தம் 94½ நாள், கோடை 92½ நாள். இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, சூரிய வட்டத்தின் மையம் பூமியிலிருந்து ஆரத்தில் 24-இல் ஒரு பங்கு விலகியிருக்கிறது என்றும் எந்தத் திசையில் விலகியிருக்கிறது என்றும் ஹிப்பார்க்கஸ் கணக்கிட்டார். அதன்பின் ஆண்டின் எந்த நாளுக்கும் சூரியன் இருக்கும் இடத்தைச் சொல்லலாம். சித்திரை விண்மீனின் இடத்தைத் தனக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பு டிமொகாரிஸ் அளந்ததோடு ஒப்பிட்டு, விண்மீன் கூட்டம் முழுவதும் நூற்றாண்டுக்குக் குறைந்தது ஒரு பாகை நழுவுகிறது என்ற அயன சலனத்தையும் கண்டார். ஆனால் இவற்றைவிட அவரைப் பற்றிப் பிற்கால வானியலாளர் தாலமி சொல்லும் ஒரு செய்திதான் என் வாதத்துக்கு நெருக்கமானது. ஐந்து கோள்களுக்கு ஹிப்பார்க்கஸ் கோட்பாடு எதையும் முன்வைக்கவில்லை. அதுவரை இருந்த கோட்பாடுகள் வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று நிறுவிவிட்டு, பிற்காலத்தவருக்காக நோக்குகளைத் தொகுத்துவைத்து நிறுத்திக்கொண்டார். பிழையுள்ள விளக்கத்தைவிட விளக்கமின்மை மேல் என்று ஒருவர் ஒதுங்கி நிற்கிறார் என்றால், விளக்கம் என்பதற்கு என்ன தகுதி வேண்டும் என்று ஒரு தெளிவான நினைப்பு அங்கே வேரூன்றிவிட்டது.

இந்த இடத்தில் அரிஸ்டார்க்கஸைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சாமோஸ் தீவைச் சேர்ந்த அவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றாரே, தத்துவவாதிகள்தானே அதைக் குழிதோண்டிப் புதைத்தார்கள்? ஸ்டோயிக் பள்ளியின் தலைவர் கிளியாந்தஸ், அவர்மேல் தெய்வ நிந்தனை வழக்குத் தொடர வேண்டும் என்று கருதியதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். வழக்கு நடந்ததற்குச் சான்றில்லை. ஒருவர் சொன்ன ஒரு கருத்து அது. பூமி நகர்ந்தால், ஆண்டின் இரு முனைகளிலிருந்து பார்க்கும்போது விண்மீன்களின் இடம் சற்று மாறித் தெரிய வேண்டும், தெரியவில்லை. அரிஸ்டார்க்கஸ் விண்மீன்கள் நினைத்துப் பார்க்க முடியாத தொலைவில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டார் என்பதை ஆர்க்கிமிடீஸின் வழியே அறிகிறோம். அவர் நினைத்ததே சரி. ஆனால் அந்த இடமாற்றத்தை ஒரு விண்மீனுக்கு வானியலாளர் பெசல் முதன்முதலாக அளந்தது 1838-இல், அதுவும் ஒரு நொடிக்கோணத்தில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான அளவில். வெறுங்கண்ணால் பார்த்தவர்கள் நம்ப மறுத்ததை மூடத்தனம் என்று சொல்வது கடினம். இன்னொன்று: அரிஸ்டார்க்கஸும் அதே மரபின் பிள்ளைதான். பாதிநிலா நாளில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடைப்பட்ட கோணத்தை 87 பாகை என்று கொண்டு, சூரியன் சந்திரனைவிட 18 முதல் 20 மடங்கு தொலைவில் உள்ளது என்று நிறுவியவர் அவர். கோணம் தவறு, உண்மையான விகிதம் 400-ஐ ஒட்டியது, வழி சரி. பூமி சுற்றுகிறதா சூரியன் சுற்றுகிறதா என்ற கேள்வியே, உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்பவருக்குத்தான் எழும். களிமண் பலகையின் கணக்குக்கு இரண்டும் ஒன்றே.

தத்துவம் வானியலுக்குச் செய்த உண்மையான தீங்கு வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. சந்திரனுக்கு மேலே எதுவும் தோன்றுவதோ அழிவதோ இல்லை என்ற அரிஸ்டாட்டிலின் பிரிவினை, கண்ணெதிரே நடந்தவற்றை வானியலின் கணக்கிலிருந்தே வெளியேற்றியது. வால்மீன்கள் பூமியிலிருந்து எழும் வறண்ட ஆவி மேலே தீப்பற்றுவது என்று அவர் வகைப்படுத்தியதால், அவற்றின் பாதையை அளக்கும் வேலை வானியலாளருடையது இல்லை என்றாகிவிட்டது. சீனத்தில் இப்படியொரு தடை இல்லை. அரசவையின் கணிதர்கள் கி.மு. 28-இல் சூரியப் புள்ளியைக் குறித்தார்கள். இன்று நண்டு நெபுலாவாகத் தெரியும் வெடிப்பை 1054-இல் விருந்தாளி விண்மீன் என்று நாள் தவறாமல் பதிந்தார்கள். பகலிலும் தெரிந்த அந்த விண்மீனைப் பற்றி ஐரோப்பாவில் உறுதியான பதிவு ஒன்றுகூட இல்லை. கொள்கை கண்ணை மறைத்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. மறுபக்கத்தில், 1572-இல் வானியலாளர் டைக்கோ பிராகே ஒரு புதிய விண்மீனைக் கண்டு, அது சந்திரனுக்கு மிக அப்பால் இருப்பதை அளந்து காட்டியபோதும், 1577-இன் வால்மீனை அவ்வாறே அளந்தபோதும், ஐரோப்பா அதிர்ந்தது. சீனத்தில் ஏட்டில் ஒரு வரியாகப் போனது இங்கே ஒரு பிரபஞ்சக் கொள்கையையே ஆட்டியது. ஆனாலும் இதைச் சொல்லி 19 நூற்றாண்டு இழப்பை ஈடுகட்டிவிட முடியாது.

கி.பி. 150-ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் தாலமி எழுதிய 'அல்மஜஸ்ட்', ஒரு தத்துவ முன்னுரையோடு தொடங்குகிறது. அறிவை இறையியல், இயற்கையியல், கணிதம் என அரிஸ்டாட்டில் பிரித்த விதத்தை எடுத்துக்கொண்டு, முதல் இரண்டும் ஊகமாகவே நிற்கும், கணிதம் மட்டுமே உறுதியான அறிவைத் தரும் என்று ஆசானையே திருப்பிப் போடுகிறார். அந்த நூலின் உயிர்நிலை, கோள்களுக்கு அவர் அமைத்த சமப்புள்ளி. பெரிய வட்டத்தின் மையம் ஓரிடத்தில். பூமி அதற்கு ஒரு பக்கத்தில். மறுபக்கத்தில் அதே தொலைவில் வெறும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால்தான் சிறு வட்டத்தின் மையம் சீராகச் சுழலும்; வட்டத்தின் சொந்த மையத்திலிருந்து பார்த்தால் சுழலாது. கணக்கு அபாரமாகப் பொருந்தியது. நீள்வட்டத்துக்கு வட்டங்களால் இவ்வளவு நெருங்கிப் போக முடியும் என்பதே வியப்பு. ஆனால் சீரான வட்ட இயக்கம் என்ற விதி உள்ளுக்குள் உடைந்துவிட்டது. தாலமிக்கு அது தெரியும், தெரிந்தே செய்தார். தொழில்திறம் மட்டும் அளவுகோல் என்றால் வானியல் இங்கே நிறைவடைந்துவிட்டது. அடுத்த 1,400 ஆண்டுகளுக்கு இதைக் கணிசமாக விஞ்சும் முன்னறிவிப்பு எதுவும் வரவில்லை.

சும்மா விடாதவர்கள் அந்த விதியை நினைவில் வைத்திருந்தவர்கள். பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவில் இப்னு அல்-ஹைதம் தாலமியின் மீது ஐயங்களை எழுப்பித் தனி நூலே எழுதினார். இருக்கவே முடியாத ஓர் அமைப்பைத் தாலமி கற்பித்துக்கொண்டார். அந்தக் கற்பனை கணக்கில் பலித்துவிடுவதால் வானத்தில் அது இருப்பதாகிவிடாது என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். கணக்குத் தவறு என்று அவர் சொல்லவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். 1259-இல் நிறுவப்பட்ட மராகா வானோய்வுக்கூடத்தின் நசீருத்தீன் தூசி, தன்னைவிட இருமடங்கு விட்டமுள்ள வட்டத்தின் உள்ளே ஒரு வட்டம் உருண்டால், அதன் விளிம்புப் புள்ளி நேர்கோட்டில் போய்வரும் என்று நிறுவி, சமப்புள்ளி இல்லாமலே அதன் பலனைப் பெறும் வழியைத் தந்தார். டமாஸ்கஸ் நகர உமய்யா மசூதியின் நேரக்கணிதர் இப்னு அல்-ஷாதிர், 1375-இல் இறப்பதற்குள், சந்திரனுக்கும் கோள்களுக்கும் சமப்புள்ளியை முற்றாக ஒழித்த மாதிரிகளை அமைத்துவிட்டார். அவருடைய சந்திர மாதிரியும் கோப்பர்நிக்கஸின் சந்திர மாதிரியும் ஒன்றே. அது எந்த வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்தது என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. கோப்பர்நிக்கஸின் நோக்கமும் சமப்புள்ளியை ஒழிப்பதே. 1514-க்கு முன்பே கைப்படியாக உலவிய சிறு நூலின் தொடக்கத்தில் அவர் தாலமியிடம் காணும் குறை பூமி நடுவில் இருப்பது அல்ல. சமப்புள்ளி சீரான வட்ட இயக்கத்தை மீறுகிறது என்பதே. சூரியனை நடுவில் வைத்த 1543-இன் நூல், முன்னறிவிப்பில் தாலமியைவிடக் குறிப்பிடத்தக்க அளவுக்குத் துல்லியமாக இல்லை. பயனைக் கணக்கிடுபவருக்கு அந்த மாற்றத்துக்கு ஒரு காரணமும் கிடையாது.

கிரேக்க வடிவியலை எடுத்துக்கொண்டு கிரேக்கத் தத்துவத்தை எடுத்துக்கொள்ளாத இந்தியாவில் என்ன நடந்தது என்று கேட்பவர் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார். 499-இல் ஆரியபட்டர் மந்த வட்டம், சீக்கிர வட்டம் என்ற சிறு வட்டங்களைக் கையாண்டார். அரிஸ்டாட்டிலின் கனம் அவர் தலைமேல் இல்லாததால், பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று எளிதாகவே சொல்ல முடிந்தது. கேரளத்தின் நீலகண்ட சோமயாஜி 1500-ஐ ஒட்டி எழுதிய 'தந்திரசங்கிரக'த்தில் புதன், வெள்ளி இரண்டுக்கும் மரபு தந்த கணக்கைத் திருத்தி, கோள்கள் சூரியனை ஒட்டிச் சுழலும் ஓர் அமைப்புக்கு வந்தார். ஆகவே ஏதென்ஸ் வழியாக மட்டுமே இந்த அறிவு நகர முடியும் என்ற முடிவுக்குப் போக இடமில்லை. ஆனால் நீலகண்டரும் பலன் தரும் கணக்கோடு நிற்காமல், கோள் உண்மையில் எப்படிச் செல்கிறது என்று கேட்டவர். நம்மிடம் அந்தக் கேள்வி தனித்தனி ஆட்களிடம் எழுந்து எழுந்து அடங்கியது. கிரேக்க, அரபு, லத்தீன் மரபில் அது ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடரும் தீராத வழக்காக இருந்தது.

கெப்ளர் அந்த வழக்கின் கடைசி வாதி. டைக்கோவின் செவ்வாய் நோக்குகளுக்கு அவர் சமப்புள்ளியையே பயன்படுத்தி ஒரு வட்டப்பாதையைப் பொருத்திப் பார்த்தார். எஞ்சிய பிழை எட்டு நிமிடக்கோணம், முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய கால்பங்கு. தாலமிக்கு அது பிழையே இல்லை. அவர் கருவிகளின் எல்லைக்கு உட்பட்டது. கெப்ளர் அதை ஒட்டுப்போட்டு மறைக்க மறுத்தார், ஏனென்றால் சூரியன் ஏதோ ஒரு விசையால் கோளைச் செலுத்துகிறது என்றும், பாதை அந்தக் காரணத்திலிருந்து பிறக்க வேண்டும் என்றும் நம்பினார். 1609-இல் வெளியான 'புதிய வானியல்' நூலின் தலைப்பிலேயே, இது காரணங்களின் அடிப்படையில் அமைந்த வானியல், வானத்தின் இயற்பியல் என்று பொறித்தார். கோப்பர்நிக்கஸின் நூலுக்கு முன்னால் பெயரில்லாமல் ஒரு முன்னுரை இருந்தது. வானியல் கருதுகோள்கள் உண்மையாக இருக்க வேண்டியதில்லை, கணக்குப் பொருந்தினால் போதும் என்று அது சொன்னது. அதை எழுதியவர் கோப்பர்நிக்கஸ் அல்ல, அச்சு வேலையைக் கவனித்த ஆண்ட்ரியாஸ் ஓசியாந்தர் என்பதையும் கெப்ளர் அதே 1609 நூலில் அச்சிலேற்றி அம்பலப்படுத்தினார். பதினொரு ஆண்டுகள் கழித்து, வட்டத்தையும் விண்ணையும் மண்ணையும் பிரித்த சுவரையும் உடைத்து முடித்த பிறகு, கோப்பர்நிக்க வானியல் சுருக்கத்தின் நான்காம் பகுதியை வெளியிட்டபோது, அதன் தலைப்புப் பக்கத்தில் அதை அரிஸ்டாட்டிலின் 'விண்ணைப் பற்றி' நூலுக்கு ஒரு பிற்சேர்க்கை என்றே குறிப்பிட்டார்.